தேய்வதற்கென்றே வரைந்த படம்

பேரிங் கடையில் 608 என்று கேட்டால், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே உள்ள ஒன்றைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. உலகத்தில் எங்கே ஸ்கேட்போர்டு என்ற, நின்றபடி ஓட்டும் சக்கரப் பலகை ஓடினாலும் சக்கரத்துக்கு இரண்டாக அதில் சுழல்வது இந்த அளவுதான். நெல்லைப் பக்கத்துப் பையன்கள் பேரிங் வண்டிக்குப் பயன்படுத்துவது இதைவிடப் பெரியது. மோட்டார் பட்டறையிலும் ஃபேன் ரிப்பேர் கடையிலும் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வருவார்கள். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று, நடுவில் ஒரு பலகை. முன்கட்டையை ஒரே ஆணியில் நிறுத்தி, இரண்டு முனையிலும் கயிறு கட்டினால் ஸ்டீயரிங் ஆயிற்று. இறக்கம் கண்ட இடத்தில் உட்கார்ந்து விடுவார்கள். தார் ரோட்டில் இரும்பு உரசும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். தேரிக்காட்டு ஊர்களில் இதற்கும் முன்னால் நுங்கு வண்டி இருந்தது. நுங்கு தின்ற பனங்காய்க் கூடு இரண்டு, இடையில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. செலவு எதுவும் கிடையாது.

ஸ்கேட்போர்டின் பிறப்பும் ஏறக்குறைய இப்படித்தான். 1950களில் கலிபோர்னியாவில் கடலலையில் பலகை ஓட்டிப் பழகிய பிள்ளைகள், அலை இல்லாத நாளில் பொழுது போகாமல், ரோலர் ஸ்கேட்டின் சக்கரத்தைக் கழற்றி மரப்பலகையில் அறைந்து தெருவில் இறங்கினார்கள். பேரிங் வண்டியில் உட்காருகிறோம், அவர்கள் நின்றார்கள். தொடக்கத்தில் வித்தியாசம் அவ்வளவே. அதற்குப் பிறகு ஒன்று அருங்காட்சியகத்துக்கும் ஏலக்கூடத்துக்கும் போனது. மற்றொன்றில் பலகை விறகுக்கும் பேரிங் பழைய இரும்புக்கும் போனது.

அது பணக்கார நாடு, அதனால்தான் என்று சொல்லி முடித்துவிடலாம். பாதி உண்மை அதில் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் பணக்காரப் பிள்ளைகள் விளையாடிய எத்தனையோ விளையாட்டுகள் கலைக்கு ஒரு கோடுகூடத் தராமல் மறைந்துவிட்டன. ஸ்கேட்போர்டைச் சுற்றி, அதை ஓட்டியவர்களே நடத்திய கடை, பத்திரிகை, கேமரா, அச்சுப் பட்டறை என நான்கும் முளைத்தன. இளைஞர் விளையாட்டு ஒன்று ஓவியமாகவும் எழுத்துருவாகவும் கட்டடமாகவும் மாறிய வரலாற்றை இந்த நான்கின் வரலாறாகப் படித்தால்தான் புரிகிறது. நெல்லைச் சீமையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எது இங்கே இருக்கிறது, எது இல்லை என்பதும் தெரிகிறது.

முதலில் சக்கரம். ஆரம்பகாலத்தில் இரும்புச் சக்கரமும், பிறகு களிமண் கலவையில் செய்த சக்கரமும்தான் இருந்தன. ஒரு சிறு கல் பட்டாலே வண்டி நின்றுவிடும், ஆள் முன்னால் போய் விழுவான். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வர்த்தி யூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகு தரையைப் பற்றிக்கொண்டு வளைந்து திரும்ப முடிந்தது. அடுத்து வந்தது வறட்சி. 1976-77இல் கலிபோர்னியா வறண்டபோது வீட்டு நீச்சல் குளங்கள் காலியாகக் கிடந்தன. அங்குள்ள குளங்களின் அடியும் சுவரும் கிண்ணம்போல் வளைந்து சேரும். வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்துச் சுவரேறிக் குதித்து, அந்த வளைவில் அலையில் ஏறுவதுபோல் ஏறி இறங்கினார்கள்.

சான்டா மோனிகாவின் தென்பகுதியும் வெனிஸும் சேர்ந்த, அப்போது பாழடைந்து கிடந்த அந்த வட்டாரத்துக்கு டாக்டவுன் என்று பெயர். அங்கே இருந்த கிரெய்க் ஸ்டெசிக் எழுதுவார், படம் எடுப்பார், சுவரில் வரைவார், பலகையிலும் வரைவார். ஸ்கேட்போர்டர் இதழில் வந்த அவருடைய கட்டுரைகளும் புகைப்படங்களும்தான், கடலையே பாராத ஊர்களில் இருந்த பையன்களுக்கும் டாக்டவுன் என்ற பெயரைக் கொண்டு சேர்த்தன. அவர் இல்லாவிட்டால் அத்தனை சாகசமும் அக்கம்பக்கத்தார் போலீஸில் கொடுத்த புகார்களாக மட்டும் எஞ்சியிருக்கும்.

இந்தக் கலாச்சாரத்தின் ஓவிய இலக்கணம் பலகையின் அடிப்பக்கத்தில் உருவானது. மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகள் ஏழை ஒட்டி, அழுத்தி, இரண்டு முனையையும் மேல்நோக்கி வளைத்தால் அது டெக். அகலம் சுமார் 8 அங்குலம், நீளம் 31, 32. மேல்பக்கம் முழுக்கக் கால் வழுக்காமல் இருக்க உப்புத்தாள் போன்ற கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். ஆகவே படத்துக்கு மிச்சம் இருப்பது அடிப்பக்கம்தான். பலகை தரையில் நிற்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஓட்டுபவன் பலகையோடு காற்றில் எழும்பும்போதும், கையில் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும்தான் தெரியும். 1970களின் கடைசியில் ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் கையால் பிடிக்காமலே பலகையோடு எழும்பக் கண்டுபிடித்தார். அந்த வித்தைக்கு அவருடைய பட்டப்பெயரான ஆலி என்பதே நிலைத்தது. அதைச் சமதரையில் செய்ய வழி கண்டவர் ராட்னி முல்லன். அதன் பிறகு படிக்கட்டு, கைப்பிடி, திண்டு என எதன் மீதும் ஏறலாம் என்றானது.

ஏறினால் சறுக்க வேண்டும். பலகையின் வயிற்றைக் கான்கிரீட் விளிம்பிலோ இரும்புக் கம்பியிலோ வைத்துச் சறுக்குவார்கள். ஓடித் தேய்ந்த டெக் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அதில் ஓட்டியவனின் பழக்கமே எழுதியிருக்கும். நடுவில் குறுக்காகக் கீறல்கள், அதில் மஞ்சளாக மரம் தெரியும். வால்பக்கம் தரையில் அடித்து அடித்துக் கத்திபோல் மெலிந்திருக்கும். இரும்பு அச்சுக்குப் பக்கத்தில் மட்டும் படத்தின் ஒரு கண்ணோ பல்லோ பிழைத்திருக்கும். சில வாரங்களில் இப்படி அழியப்போகிறது என்று தெரிந்தே ஒருவர் இந்தப் படத்தை வரைந்தார். நுணுக்கமான நிழல் தீட்டுவதில் பயனில்லை. தடித்த கோடு, தட்டையான நிறம், தூரத்தில் ஒரு நொடியில் பிடிபடும் ஒரே உருவம். சட்டங்கள் இவ்வளவுதான். பவல் பெரால்டா நிறுவனத்துக்கு வெர்னன் கோர்ட்லாண்ட் ஜான்சன் வரைந்த மண்டையோடும், சான்டா குரூஸ் நிறுவனத்துக்கு 1985இல் ஜிம் ஃபிலிப்ஸ் வரைந்த, உள்ளங்கையில் வாய் திறந்து அலறும் நீலக் கையும் இந்தச் சட்டங்களுக்குள் பிறந்தவை. அந்தக் கையை இன்று ஸ்கேட்போர்டைத் தொட்டே பார்க்காதவர்களின் லேப்டாப்பிலும் ஸ்டிக்கராகப் பார்க்கிறோம்.

அச்சும் எளிது. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல; வளைந்த மரத்தில் மை சீராக இறங்க வைப்பதுதான் கைப்பழக்கம். முதலீடு குறைவு என்பதால் 1990களில் சிறு நிறுவனங்கள் ஈசல்போலக் கிளம்பின. பெரிய கம்பெனிகளின் முத்திரைகளைக் கேலி செய்து, வழக்கறிஞர் கடிதம் வருவதற்குள் அடித்து விற்றுவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். அழியும் படம் என்பதால்தான் துணிவும் வந்தது. பத்து வருடம் நிற்க வேண்டிய படத்தில் யாரும் இவ்வளவு விளையாட மாட்டார்கள். பிறகு வந்த சேகரிப்பாளர்கள் ஒருநாளும் ஓட்டாத பலகையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். எனக்கென்னவோ சமைக்காத பாத்திரத்தைப் பூஜையறையில் வைத்ததுபோல் இருக்கிறது. இதற்கு நேர் எதிர்வழியில் போனவர் ஜப்பானின் ஹரோஷி. ஓட்டித் தேய்ந்து உடைந்த பலகைகளையே அடுக்கி ஒட்டிச் செதுக்குகிறார். மரத்தகடுகளில் ஏற்கெனவே ஏற்றிய சிவப்பும் பச்சையும் நீலமும் சிற்பத்தின் மேனியில் வரிவரியாக வெளிப்படுகின்றன.

அடுத்தது பத்திரிகை. 1981இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் திராஷர் தொடங்கியது. அதன்பின் வந்த டிரான்ஸ்வேர்ல்டு ஸ்கேட்போர்டிங் இதழை வடிவமைத்தவர் டேவிட் கார்சன்; அவர் முறையாக வடிவமைப்புப் படித்து வந்தவரல்ல, கடலலையில் பலகை ஓட்டியவர், சமூகவியல் ஆசிரியர். எழுத்துகளைச் சாய்த்தார், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார், பத்தியைப் பக்கத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளினார். பின்னாளில் ரே கன் என்ற இசை இதழில் ஒரு பாடகரின் பேட்டி சுவாரசியமாக இல்லை என்று நினைத்து, அதை முழுவதும் எழுத்துகளே இல்லாத குறியீட்டு எழுத்துருவில் அச்சேற்றிவிட்டார். ஆசிரியர் குழுவில் யாராவது வேலையை விட்டிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றும். ஆனால் 1990களின் விளம்பரம், இசைத்தட்டு உறை, தொலைக்காட்சித் தலைப்பு எல்லாவற்றிலும் அந்தக் கலைந்த பக்கத்தின் சாயல் விழுந்தது. ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்கள் அவரிடம் கற்றார்கள். இன்னொரு பகுதியினர் அவரைத் திட்டியே கற்றார்கள்.

கலைக்கூடத்துக்குள் நுழைந்த கதையும் ஒரு சிறு கடையிலிருந்துதான் தொடங்குகிறது. 1992இல் ஆரன் ரோஸ் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் அலெஜ்டு என்ற காலரியைத் திறந்தார். ஸ்கேட்போர்டு ஓட்டியவர்களும் சுவரில் வரைந்தவர்களும் அங்கே படம் மாட்டினார்கள்: மார்க் கன்சாலெஸ், எட் டெம்பிள்டன், பாரி மெக்கீ, மார்கரெட் கில்காலன். 2004இல் அவர்களையும் அவர்களின் கூட்டத்தையும் ஒன்றாகக் காட்டும் பெரிய கண்காட்சி சின்சினாட்டியின் சமகாலக் கலை மையத்தில் நடந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1989இல் ரோட் ஐலண்டு வடிவமைப்புப் பள்ளி மாணவராக இருந்த ஷெப்பர்ட் ஃபேரி, நண்பனுக்கு ஸ்டென்சில் வெட்டக் கற்றுக்கொடுக்கும் சாக்கில் ஒரு மல்யுத்த வீரரின் முகத்தை ஸ்டிக்கராக்கினார். அது ஸ்கேட் கடைகள் வழியாக ஊர் ஊராகப் போனது. 2008இல் பராக் ஒபாமாவின் முகத்தைச் சிவப்பிலும் நீலத்திலும் போஸ்டராக வரைந்தவர் இதே ஃபேரிதான். அந்தப் போஸ்டரின் மூலப்படம் வாஷிங்டனின் தேசிய உருவப்படக் காலரிக்குப் போய்ச் சேர்ந்தது.

மார்கரெட் கில்காலனிடம் நெல்லைக்காரர் யாரும் சற்று நிற்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ நூலகத்தில் பழைய நூல்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்தவர். அவருடைய கண் எப்போதும் கையால் எழுதிய கடைப் பலகைகளின் மீதே இருந்தது. கைநடுக்கம் தெரியும் எழுத்துதான் அழகு என்பது அவர் கட்சி. 2001இல் 33 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டுகளில் நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் சுவர் எழுத்து ஓவியர்கள் தங்கள் கடைசிப் பெரிய சுவர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். நூல் பிடித்துக் கோடு போட்டு, நீலத்தில் நிரப்பி, வெள்ளையில் ஓரம் கட்டி, கடைசியில் மூலையில் தங்கள் பெயரைச் சின்னதாகக் கையெழுத்திடுவார்கள். சில ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் வந்தது. பலர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள், சிலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். அங்கே கடைப் பலகை எழுத்து நவீன ஓவியமாகிச் சுவரேறிய அதே காலத்தில், இங்கே அது சுவரிலிருந்து இறங்கியது.

இது நம்மால் முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் கோவில்பட்டி இதைச் செய்து காட்டிய ஊர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்த சி. கொண்டையா ராஜு அங்கே தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு சாமி படங்கள் வரைந்தார். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள் இருந்தன. நாடக மேடையின் மாளிகைத் தூண்களும் பூந்தோட்டங்களும் சரஸ்வதிக்கும் முருகனுக்கும் பின்னணியாகி, காலண்டராக வீடு வீடாகப் போயின. 1976இல் அவர் மறைந்தார். அந்தக் காலண்டர்களை இன்று ஆய்வாளர்கள் தேடிச் சேர்க்கிறார்கள். டாக்டவுனுக்கு ஒரு ஸ்டெசிக் வாய்த்ததுபோல் கோவில்பட்டிக்கு சிவகாசியின் ஆஃப்செட் இயந்திரம் வாய்த்தது. தூரிகை வேகம் மட்டும் போதுமாக இருந்தால் தமிழ்நாட்டின் ஒவ்வொரு நாடகக் கொட்டகையும் ஒரு கலைப்பாணியைப் பெற்றெடுத்திருக்கும்.

பணம் வந்ததும் கதை சிக்கலாகிறது. 1994இல் நியூயார்க்கின் லாஃபயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா திறந்த ஸ்கேட் கடை சுப்ரீம். சிவப்புப் பெட்டிக்குள் சாய்ந்த வெள்ளை எழுத்தான அதன் முத்திரை, ஓவியர் பார்பரா குரூகரின் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டது. நுகர்வைக் கேலி செய்ய அவர் உருவாக்கிய பாணி அது. கடை ஜெஃப் கூன்ஸ், டேமியன் ஹர்ஸ்ட், தகாஷி முராகாமி எனப் பேர்பெற்ற ஓவியர்களின் படங்களைப் பலகையில் அச்சிட்டது. 2017இல் பிரான்ஸின் ஆடம்பரப் பொருள் நிறுவனமான லூயி வித்தோன் அதனோடு கைகோத்தது. 2019 ஜனவரியில் அக்கடையின் 248 பலகைகளை ஒரே தொகுப்பாக சாத்பீஸ் ஏலம் விட்டபோது போன விலை 8 லட்சம் டாலர். 2020இல் முழு நிறுவனமும் 210 கோடி டாலருக்குக் கைமாறியது. கேலி செய்ய எடுத்த எழுத்தைத் தன் சொத்தாக்கிக்கொண்ட அதே நிறுவனம், 2013இல் தன் முத்திரையைக் கேலி செய்த இன்னொரு சிறு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2017இல் குரூகர் தன் பங்குக்கு நியூயார்க்கின் ஒரு ஸ்கேட் பூங்கா முழுவதையும் தன் சிவப்பு வெள்ளை வாசகங்களால் மூடினார். நீதிமன்றத்தில் கிடைக்கக்கூடிய எந்தத் தீர்ப்பையும்விட அது சுருக்கென்று இருந்தது.

கட்டடக்கலைக்கு ஸ்கேட்போர்டு தந்தது பொருளாக எதுவும் இல்லை, ஒரு பார்வை. படிக்கட்டு ஏறுவதற்கு, கைப்பிடி பிடிப்பதற்கு, திண்டு செடி வைப்பதற்கு என்று கட்டியவர் நினைத்தார். ஓட்டுபவன் அதே பொருளின் சாய்வையும் வழவழப்பையும் ஓட்டத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையும் மட்டும் பார்க்கிறான். ஃபிலடெல்ஃபியாவின் லவ் பூங்கா, அலுவலகத்தார் உட்கார்ந்து சாப்பிடக் கட்டியது. அதன் கிரானைட் திண்டுகளால் உலகெங்கும் ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களுக்குப் பெயர் தெரிந்த இடமாயிற்று. நகராட்சி அங்கே பலகை ஓட்டத் தடை விதித்தபோது, 2002இல், அந்தப் பூங்காவைக் கற்பனை செய்த நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேகன் 92 வயதில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இருபுறமும் ஆள் பிடிக்கப் பலகையில் ஏறி ஓட்டித் தடையை மீறினார். பூங்காவைப் பின்னர் இடித்துக் கட்டினார்கள். அதன் கிரானைட் கற்களில் ஒரு பகுதி ஸ்வீடனின் மால்மோ நகருக்குப் போனது. லண்டனில் குவீன் எலிசபெத் ஹாலின் அடித்தளத்தைக் கடைகளாக்கும் திட்டத்தை எதிர்த்து ஓட்டுபவர்கள் நடத்திய இயக்கம் 2014இல் வென்றது. கலைஞர்கள் ஒரு படி மேலே போனார்கள். கொரியாவைச் சேர்ந்த கூ ஜியோங் ஏ 2012இல் பிரான்ஸின் வாசிவியர் தீவில் இருட்டில் பச்சையாக ஒளிரும் ஸ்கேட் பூங்காவையே ஒரு சிற்பமாகச் செய்தார்.

ஓட்டுபவர்கள் தோற்றுப்போன ஊர்களில் இன்னொரு வகை வடிவமைப்பு பிறந்தது: திண்டின் விளிம்பில் சாண் இடைவெளிக்கு ஓர் இரும்புக் குமிழ், பலகை சறுக்காமல் இருக்க. நமக்கு இது புதிய கண்டுபிடிப்பல்ல. வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை வைத்துக் கட்டிய தெருக்களில் இன்று திண்ணைக்குக் கிரில் போட்டாயிற்று. கடை வாசல்படியில் யாரும் உட்காராமல் இருக்கக் கம்பி முனைகளைச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். ஆனாலும் கட்டியவர் நினைக்காத பயனைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இந்த மண்ணில் பழையது. தாமிரபரணிப் படித்துறைகளில், சாமிக்கும் பக்தருக்கும் கட்டிய கல் மண்டபத்தின் மேல்தளம் பையன்களுக்குக் குதிக்கும் மேடை. எந்த மூலையிலிருந்து எத்தனை எட்டு ஓடி வந்தால் பாறையைத் தாண்டி ஆழத்தில் விழலாம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கரையிலிருந்து ஒரு பெரியவர், "ஏல, எறங்குல கீழ" என்று கத்துவார். "இந்தா எறங்குதேன் தாத்தா" என்று சொல்லிக்கொண்டே ஆற்றுக்குள் இறங்குவார்கள். கலிபோர்னியக் குளத்தில் நடந்ததும் இதே கணக்குதான்.

ஆக, நெல்லைச் சீமையில் இன்று இளைஞர் கலைக்கு எங்கே அச்சுப் பட்டறை? ரேடியம் ஸ்டிக்கர் கடையில். ஜங்ஷன் பக்கத்திலோ எந்தத் தாலுகா ஊரின் பஸ் நிலையத்திலோ பார்க்கலாம். ஆறடிக்கு நாலடியில் ஒரு கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதில் கோரல் டிரா என்ற வரையும் மென்பொருள், சுருள் சுருளாக வண்ணத் தாள், அதை வெட்டும் பிளாட்டர். இயந்திரத்தின் கத்தி மேல்தாளை மட்டும் கீறும், அடித்தாளைத் தொடாது. பிறகு கடைக்காரர் ஊசி முனையால் எழுத்துக்கு உள்ளே இருக்கும் வேண்டாத துண்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார். 'ணை'யின் சுழிக்குள் சிக்கிய துணுக்கு கடைசியில்தான் வரும். மேலே ஒட்டுத்தாள் வைத்துத் தேய்த்து, மொத்தமாகத் தூக்கி, மோட்டார் சைக்கிள் டேங்கிலோ மினி பஸ் கண்ணாடியிலோ பதிப்பார். முனைகளில் வாள்போல நீளும் தமிழ் எழுத்து, கீழே தீப்பிழம்பு, பக்கத்தில் அம்மன் கண் அல்லது கபடி அணியின் பெயர். எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராத இந்த எழுத்துப்பாணியை இந்தக் கடைக்காரர்களே உருவாக்கியிருக்கிறார்கள். வெயிலில் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு தாங்கும்; பிறகு வெளுத்து உரியும். பலகையின் அடிப்பக்கம்போலவே இதற்கும் ஆயுள் அளந்துதான் இருக்கிறது.

கூட்டாகச் செய்யும் கலைக்கு குலசேகரன்பட்டினம் தசராவைவிடப் பெரிய சான்று இங்கே இல்லை. முத்தாரம்மனுக்கு விரதமிருந்து வேடமணிவோர் ஊர் ஊராகத் தசரா செட் அமைக்கிறார்கள். காளி வேடத்தின் கிரீடத்துக்கும் சடைமுடிக்கும் அட்டையும் தெர்மாகோலும் சமிக்கியும் சேர்ந்து எத்தனை கிலோ கனக்கும் என்பதைச் சுமந்தவர்தான் சொல்ல வேண்டும். இவ்வாண்டு எங்கள் செட்டின் கிரீடம் போன ஆண்டு பக்கத்து ஊர் செட்டை மிஞ்ச வேண்டும் என்ற போட்டியில் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. வடிவமைப்புப் பள்ளிகள் செயற்கையாக ஏற்படுத்தப் பார்க்கும் போட்டி இது. பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்ததும் வேடம் கலைந்துவிடும்.

ஆனால் நம்மூர் இளைஞர் அடையாளங்களைப் புகழ்ந்துகொண்டே போக முடியாது. டாக்டவுனிலும் சுவரில் உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று எழுதி வெளியாரை விரட்டினார்கள். பெண்களை நீண்டகாலம் ஓரத்தில் நிற்க வைத்தார்கள். என்றாலும் அந்தக் கூட்டத்தில் சேர நுழைவுச்சீட்டு என்பது கீழே விழுந்து எழுவதுதான். நெல்லையில் கையில் கட்டும் கயிற்றின் நிறம், டேங்க் ஸ்டிக்கரின் இரண்டு வண்ணம், பேனரில் போடும் தலைவர் முகம் ஆகியவை பல நேரம் பிறப்பைச் சொல்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. ஒரு துண்டு நூலின் நிறத்தை ஆராய நீதிபதி தேவைப்படும் ஊரில், இளைஞர் அடையாளம் எல்லாமே கலகம், எல்லாமே படைப்பு என்று எழுதுவது பொய். ஸ்டிக்கர் கடைக்காரரின் கத்திக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கேட்டதை வெட்டிக் கொடுக்கும்.

ஸ்கேட்போர்டு இங்கே வந்தால் இதில் ஏதாவது மாறுமா? நெல்லையில் ஸ்கேட்டிங் என்றால் இன்னும் பெற்றோர் மாதக் கட்டணம் கட்டி அனுப்பும் ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புதான் நினைவுக்கு வரும். தலைக்கவசம், முழங்கால் காப்பு, சான்றிதழ். பலகை வேறு மாதிரியான சரக்கு. 2015இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி ஸ்கேட் பூங்கா ஒன்றைக் கட்டினார். இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை இல்லை; பெண் பிள்ளைகளுக்கு முதலிடம். ஆதிவாசிக் குழந்தைகளும் மற்ற சாதிக் குழந்தைகளும் ஒரே பலகைக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. அங்கிருந்து ஆஷா கோண்ட் 2018இல் சீனாவில் நடந்த உலகப் போட்டிவரை போனார். நம் மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் கடலலைப் பலகையோடு சேர்ந்து இதுவும் வேர்விட்டது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டானதும் அரசுகளின் கண்ணும் இதன்மேல் திரும்பியது. பதக்கம் என்றால் பயிற்சியாளர், சீருடை, தேர்வுக்குழு எல்லாம் வரும். பலகையின் அடியில் வரைபவர் எங்கே வருவார் என்பது என் கவலை.

நெல்லையில் ஓட்ட இடமும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. ரோடு குண்டும் குழியும். செம்மண் பறந்து வந்து படியும். வழவழவென்ற கிரானைட் இருப்பது ஜவுளிக்கடை வாசலிலும் புதிய அரசு வளாகங்களிலும்தான். அங்கே வாட்ச்மேன் இருக்கிறார். ஃபிலடெல்ஃபியாவிலும் முதலில் வாட்ச்மேன்தான் இருந்தார்.

இடத்தைவிட எனக்கு அவசரமாகப் படுவது பதிவு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் ஒலிநாடாவில் பிடித்து வைத்திருக்கிறது. அவை அழியும் கலைகள் என்று அன்றே சிலருக்குத் தோன்றியதால்தான் பிடித்தார்கள். ரேடியம் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும் ஆயிரக்கணக்கான கோரல் கோப்புகளை அழியும் கலை என்று யாரும் நினைப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் போனால் புதிது வாங்கி, இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படங்களை ஏற்றிக்கொள்கிறார்கள். கடையில் போய் இரண்டு நாள் உட்கார்ந்து, எந்த எழுத்தை யார் முதலில் வெட்டினார், எந்த அணிக்கு, எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளப் பெரிய நிதி வேண்டியதில்லை. வடிவமைப்புப் படிக்கும் மாணவர் ஒருவர் விடுமுறையில் செய்யலாம். கடைக்காரரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். இந்தத் தீப்பிழம்பு எழுத்தை என்றைக்காவது ஒரு பெரிய நிறுவனம் சட்டையில் அச்சிட்டு விற்குமானால், முதலில் வெட்டியவர் தன் உரிமையைக் கேட்க அந்தக் குறிப்பு ஒன்றுதான் கையில் இருக்கும்.